மிச்சம் கடை விவிக்கம்

மிச்சம் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கும் சோப்பு சீக்கிரம் கரைந்துவிடும் என்பது ஆயம்மாவின் கருத்து. கம்பெனி அதேதான், உறை அதேதான், எடையும் அதேதான். ஆனாலும் கரையும், ஏனென்றால் விலை குறைவு. புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் சாலையை ஒட்டி அந்தக் கடை திறந்ததிலிருந்து ஆளுக்கொரு கருத்து இருந்தது. அந்தக் கடைத் துவரம் பருப்பு ஒரு விசில் கூடக் கேட்கும் என்றார்கள். எண்ணெயில் நுரை வருகிறது என்றார்கள். மற்ற கடைகளில் மிஞ்சியதை விற்கத்தான் மிச்சம் என்று பெயரே வைத்தான் என்று ஒருவர் சொல்லப்போய், அது தெரு முழுக்கப் பரவியது. எல்லாவற்றுக்கும் மேலான கருத்து ஒன்று உண்டு: கம்பெனிக்காரன் இந்தக் கடைக்கென்றே தனியாக, கொஞ்சம் மட்டமாகப் போட்டு அனுப்புகிறான்.

இப்படிச் சொன்னவர்கள் எல்லோரும் மாதாமாதம் சம்பளம் வந்ததும் அங்கேதான் போனார்கள்.

ரோசா மட்டும் அந்தக் கடைப் படியை மிதித்ததில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றுக் காலமானவரின் மனைவி அவர். பங்குக் கோயில் பெண்கள் நடத்தும் மாதா சபைக்குத் தலைவியும் அவரே. அவரைவிட இளையவர்கள் அவரை ‘தாந்த்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பிரெஞ்சில் அதற்கு அத்தை என்று பொருள். ரோசா விஷயத்தில் ‘சொன்னால் சொன்னதுதான்’ என்றும் ஒரு பொருள் சேர்ந்துகொண்டது. மளிகைச் சாமான் என்றால் அவருக்குப் பெரிய மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் பலராமன் ஸ்டோர்ஸ்தான். அங்கே உட்கார நாற்காலி போடுவார்கள். பருப்பைக் கையில் அள்ளிக் காட்டுவார்கள். சாமானை வீட்டுக்கே அனுப்பிவைப்பார்கள்.

“பேரம் பேசற எடத்துக்குப் போவலாம், மரியாதை குடுக்கற எடத்துக்குப் போவலாம். தானா வெலைய கொறைக்கற எடத்துக்கு மட்டும் போவக் கூடாது” என்பார் ரோசா.

இப்படிப்பட்ட தலைவியிடம்தான் லினெட் தன் யோசனையைச் சொல்ல வேண்டியிருந்தது.

லினெட் ஊருக்குள்ளேயே இருக்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு மசாலாப் பொடிக் கம்பெனியில் பாக்கிங் வேலை பார்த்தாள். வீட்டில் சின்ன மின்சார அடுப்பு ஒன்றை வைத்துக்கொண்டு தெரிந்தவர்களுக்குக் கேக் செய்து கொடுப்பாள். பாக்கிங் வேலையை விட்டுவிட்டுக் கேக் வேலையை மட்டும் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு ஒரு பெரிய ஆர்டர் வேண்டும். ஊரே சாப்பிட்டுப் பார்க்கிற மாதிரி ஓர் ஆர்டர். அப்படி ஒன்று அந்த வருஷம் வந்தது. கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்ததும் கோயிலைச் சேர்ந்த எல்லாக் குடும்பங்களுக்கும் மாதா சபை விவிக்கம் கேக் கொடுப்பது வழக்கம். அதைச் செய்துகொண்டிருந்த அம்மாள் பாரிசில் மகனோடு இருக்கப் போய்விட்டார். சபையின் செயலாளர் ரூபியிடம் லினெட் தானே போய், அந்த வேலையைத் தனக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்டாள். அன்று அந்தத் துண்டைச் சாப்பிடுகிறவர்கள்தான் நாளைக்கு ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் ஆர்டர் கொடுப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

விவிக்கம் புதுச்சேரிக் கிறிஸ்தவர் வீட்டுக் கேக். இதில் மைதா கிடையாது, ரவைதான். ரவையை வெண்ணெயில் மணக்க வறுக்க வேண்டும். சர்க்கரையைக் கருக்கிப் பாகாக்க வேண்டும். முட்டை, முந்திரி, ரம்மில் ஊறிய திராட்சை எல்லாம் சேர்த்து, ரவை நன்றாக ஊறும்வரை மாவை மூடிவைக்க வேண்டும். இந்தக் கேக்கின் ரகசியம் அடுப்பில் இல்லை, ஊறுவதில் இருக்கிறது. ரவை ஈரத்தை உறிஞ்சி உப்பினால் கேக் வாயில் கரையும். உறிஞ்சாவிட்டால் மணல் மாதிரி நெறுநெறுக்கும்.

சிக்கல் விலையில் வந்தது. விவிக்கம் வெண்ணெயைக் குடிக்கும், முந்திரியைத் தின்னும். சபையில் சேர்ந்த பணம் பலராமன் ஸ்டோர்ஸ் விலைக்குப் போதவில்லை. மிச்சத்தில் வாங்கினால் போதும் என்று சபைக் கூட்டத்தில் லினெட் எழுந்து சொன்னாள். கூடத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. சோப்பு கரைகிற கதையை ஆயம்மா அப்போதும் சொன்னார்.

எதையும் அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் லினெட்டால் இருக்க முடியாது. மிச்சம் கடை மேனேஜர் வெற்றிச்செல்வனை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டு, கடை எப்படி ஓடுகிறது என்று முழுவதும் கற்றுவைத்திருந்தாள். அதைக் கூட்டத்தில் நிதானமாக விளக்கினாள். பெரிய கடையில் துவரம் பருப்பிலேயே ஏகப்பட்ட வகை இருக்கும், மிச்சத்தில் இரண்டே வகைதான். பல வகைகளில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதைவிட, இரண்டே வகையை லாரி லாரியாக வாங்கினால் மில்காரர் விலையைக் குறைப்பார். பணத்தைத் தவணை சொல்லாமல் உடனே கொடுத்தால் இன்னும் குறைப்பார். பாக்கெட்டை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க அங்கே ஆள் கிடையாது. அட்டைப் பெட்டியின் முன்பக்கத்தைக் கிழித்து, பெட்டியோடு அலமாரியில் ஏற்றிவிடுவார்கள். ஏசி கிடையாது, பை கிடையாது, வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதும் கிடையாது.

“வெல கொறையறது சரக்குல இல்ல தாந்த்” என்றாள் லினெட். “நாற்காலியில.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ரோசா சிரிக்கவில்லை.

கம்பெனிக்காரன் மட்டமாகப் போட்டு அனுப்புகிறான் என்ற பேச்சுக்கும் லினெட் பதில் வைத்திருந்தாள். அவள் வேலை பார்க்கும் இடத்தில் மிளகாய்த்தூள் ஒரே பெரிய தொட்டியிலிருந்துதான் மிஷினுக்கு இறங்கும். காலையில் ஒரு கம்பெனி பெயர் போட்ட பிளாஸ்டிக் ரோலை மிஷினில் மாட்டுவார்கள், மத்தியானம் மிச்சத்தின் பெயர் போட்ட ரோலை மாட்டுவார்கள். ரோல்தான் மாறும், தூள் மாறாது. மட்டமாக ஒன்று தனியாகப் போட வேண்டுமென்றால் தொட்டியைக் காலிசெய்து கழுவி, மிஷினை நிறுத்தி, மறுபடி ஓட்ட வேண்டும். அந்தச் செலவுக்கு நல்ல தூளையே போட்டுவிடலாம்.

அந்தக் கடையை அவள் முழுசாகப் புகழவும் இல்லை. காய்கறியை அங்கே வாங்கக் கூடாது என்றாள். காபித்தூளில் சிக்கரி தூக்கல். முழு முந்திரி அங்கே சுமார்தான், ஆனால் கேக்குக்கு வேண்டிய உடைத்த முந்திரி நன்றாக இருக்கும். ரவை மட்டும் அந்தக் கடையில்தான் வாங்க வேண்டும். ரவை என்பது உடைத்த கோதுமை. உடைத்த அன்றைக்கே அதற்கு வயதாகத் தொடங்கிவிடும். விலை குறைந்த கடையில் கூட்டம் அள்ளிக்கொண்டு போவதால் அங்கே ரவை கிழவியாவதற்கு நேரமே இல்லை.

ரோசா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, கெட்ட விவிக்கம் கொடுப்பதைவிட விவிக்கம் இல்லாத கிறிஸ்துமஸே மேல் என்றும், பெட்டியில் வரும் பிளம் கேக்கை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னார். பெண்கள் இரண்டு பக்கமும் பேச, கடைசியில் ரூபி ஒரு வழி சொன்னாள். ரோசா பலராமன் ஸ்டோர்ஸ் சாமானில் ஒரு தட்டு விவிக்கம் செய்யட்டும். லினெட் மிச்சம் சாமானில் ஒரு தட்டு செய்யட்டும். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சபையே சாப்பிட்டுப் பார்க்கட்டும். லினெட்டின் கேக் ரோசாவின் கேக்குக்குச் சமமாக இருந்தால் வேலை அவளுக்கு. இல்லையென்றால் பிளம் கேக்.

லினெட் சம்மதித்தாள். சம்மதித்த பிறகுதான் எதற்குச் சம்மதித்தோம் என்று உறைத்தது. ரோசா வீட்டு விவிக்கம் ஊரில் பெயர் எடுத்தது.

சனிக்கிழமைக்குள் சாமான் வாங்கியாக வேண்டும். மிச்சத்தில் லினெட் ரவை எடுத்தாள், கூட்டுறவுப் பால் சங்கத்தின் வெண்ணெய் எடுத்தாள், உடைத்த முந்திரி எடுத்தாள். திராட்சை அலமாரியின் பக்கத்தில் பேரீச்சம்பழம் குவிந்து கிடந்தது, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். இலவசம் என்றாலே சந்தேகப்படுகிற ஊர் அல்லவா, யாரும் தொடவில்லை. லினெட் போய் வெற்றிச்செல்வனைக் கேட்டாள். அவர் சொன்ன காரணம் எளிது. பேரீச்சம்பழம் வருஷத்துக்கு ஒரு அறுவடை. புது அறுவடைச் சரக்கு கப்பலில் வந்து இறங்குவதற்குள் கிடங்கில் இடம் வேண்டும். பழத்தில் குறை ஒன்றுமில்லை, இடத்துக்குத்தான் அவசரம். லினெட் பாக்கெட்டை அமுக்கிப் பார்த்தாள். பழம் மெத்தென்று இருந்தது. பேரீச்சம்பழம் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதனால் கேக் காயாது என்பது அவளுக்குத் தெரியும். திராட்சையில் பாதியைக் குறைத்து, அதற்குப் பதிலாகப் பேரீச்சம்பழத்தை நறுக்கிப் போட்டாள்.

சபைக்கு வேண்டிய அளவு பெரிய தட்டு வீட்டில் இருந்த சின்ன மின்சார அடுப்பில் நுழையாது. அதனால் ஊர் வழக்கப்படி ராமலிங்கத்தின் பேக்கரிக்கு மாவைக் கொண்டுபோனாள். நெல்லித்தோப்பில் இருந்த அந்தப் பேக்கரியில் விறகு அடுப்பு. விடியலில் மூட்டுவார்கள். சூடு அதிகமாக இருக்கும்போது ரொட்டி போகும், கொஞ்சம் இறங்கியதும் பிஸ்கட், இன்னும் இறங்கியதும் கேக். விறகு போடாமல் தானாக இறங்குகிற அந்தச் சூடுதான் விவிக்கத்துக்கு ஏற்றது. நவம்பர் கடைசி வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு மாவோடு அங்கே வருவார்கள். தட்டு மட்டும் பேக்கரியுடையது. எல்லாம் ஒரே அளவு, ஒரே கறுப்பு. யாருடைய கேக் எது என்று எப்படித் தெரியும்? சீட்டு வைத்தால் எரிந்துவிடும், நூல் கட்டினால் கருகிவிடும். அதனால் ஒவ்வொரு வீட்டாரும் மாவின் மேல் முந்திரியாலோ திராட்சையாலோ ஓர் அடையாளம் பதித்துக் கொடுப்பார்கள். ஒரு வீட்டுக்கு நட்சத்திரம், ஒரு வீட்டுக்குப் பிறை, இன்னொரு வீட்டுக்கு மீன். ராமலிங்கத்துக்கு எல்லாம் மனப்பாடம். முந்திரியில் சிலுவை என்றால் அது ரோசா வீடு. அவர் மாமியார் காலத்திலிருந்து அப்படி.

இங்கேதான் தவறு நடந்தது. லினெட் அந்தப் பேக்கரிக்கு வருவது அதுதான் முதல்முறை. மாவின் மேல் வைக்கும் முந்திரி ஒரு முகவரி என்று அவளுக்குத் தெரியாது. அவள் அம்மா அடுப்பில் எதை ஏற்றினாலும் விரலால் ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் ஏற்றுவாள். அதே பழக்கத்தில் லினெட்டும் முந்திரியால் ஒரு சிலுவை பதித்துக் கொடுத்தாள். தட்டை வாங்கி வைத்தது ராமலிங்கத்தின் மனைவி. அவருக்கு அடையாளக் கணக்கு தெரியாது.

ரோசாவின் தட்டு முன்பே அடுப்புக்குள் போயிருந்தது. முதலில் போனது அடுப்பின் உள்பக்கம் இருக்கும், பிறகு போனது வாய்ப்பக்கம் இருக்கும். எடுக்கும்போது வாய்ப்பக்கம் இருப்பதுதான் முதலில் வெளியே வரும். ராமலிங்கம் நீளக் கட்டையால் இழுத்தார். முந்திரிச் சிலுவையோடு ஒரு கேக் வந்தது. அதே நேரம் ரோசாவின் அக்கா மகன் டோனி வந்து நின்றான். சிலுவை, டோனி, இரண்டும் பொருந்தின. ராமலிங்கம் அந்தக் கேக்கை வாழையிலை போட்டு மூடிக் கொடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அடுப்பின் உள்ளேயிருந்து இன்னொரு சிலுவை வந்தபோது அவர் தலையைச் சொறிந்தார். பாக்கி இருந்தது லினெட் ஒருத்திதான். அது அவளுக்குப் போனது.

ஆக, ரோசா வீட்டு மேசையில் மிச்சம் கடை விவிக்கம் இருந்தது. லினெட் வீட்டில் பலராமன் ஸ்டோர்ஸ் விவிக்கம் இருந்தது. இரண்டு பேரும் இலையைப் பிரிக்கவில்லை. விவிக்கத்தைச் சுட்ட மறுநாள்தான் வெட்ட வேண்டும்.

ஞாயிறு பூசை முடிந்து, மறைக்கல்வி வகுப்பு நடக்கும் கூடத்தில் மேசை போட்டார்கள். இலையைப் பிரித்ததும் இரண்டு கேக்கிலும் சிலுவை.

“சாமானத்தான் நீ தள்ளுபடியில வாங்குனன்னு பாத்தா, என் வீட்டு அடையாளத்தயும் ஓசியில எடுத்துக்கினியா?” என்றார் ரோசா.

கூடம் சிரித்தது. அடுப்பில் ஏற்றும்போது சிலுவை போடுவது தன் அம்மா பழக்கம் என்று லினெட் சொன்னாள். சிரிப்பில் அது யார் காதிலும் விழவில்லை. ரூபி கேக்குகளைத் துண்டு போட்டு, ரோசாவுடையதைப் பீங்கான் தட்டிலும் லினெட்டுடையதை எவர்சில்வர் தட்டிலும் வைத்தாள்.

முதலில் பீங்கான் தட்டு சுற்றி வந்தது. பேச்சு நின்றது. நல்ல சாப்பாடு கிடைத்தால் அந்தக் கூட்டத்தில் நடக்கும் ஒரே அதிசயம் அது. பிறகு ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். ரவை வெண்ணெயாகவே மாறிவிட்டது என்றாள் ஒருத்தி. போன வருஷத்தைவிட இந்த வருஷம் ரோசா கை இன்னும் மென்மை என்றாள் இன்னொருத்தி. ஆயம்மா சத்தமே இல்லாமல் இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டார்.

ரோசா தன் துண்டை இன்னும் வாயில் வைக்கவில்லை. அவர் விளக்கிக்கொண்டிருந்தார். இதுதான் பலராமன் ஸ்டோர்ஸ் ரவை. மணியைக் கையில் வாங்கிப் பார்த்து வாங்கியது. விலை கொடுத்தால் வருவது இது.

பிறகு எவர்சில்வர் தட்டு வந்தது. இப்போது எல்லோரும் உடனே பேசினார்கள். ரவை ஊறவில்லை. நெறுநெறு என்கிறது. ஏதோ பழைய வாசனை வருகிறது. ஒவ்வொரு குறைக்கும் ரோசாவிடம் காரணம் இருந்தது. அந்தக் கடையில் மூட்டையின் அடியில் கிடப்பதைத்தான் பாக்கெட் போடுவார்கள். ஈரம் பட்ட ரவையாக இருக்கும். போன வருஷத்துச் சரக்காக இருக்கும்.

“அந்தப் பொண்ணு மேல தப்பில்ல” என்றார் பெரிய மனதோடு. “கை நல்ல கைதான். சாமான் அப்படி.”

ரூபி லினெட்டைப் பார்க்காமல் தட்டை நகர்த்தினாள். பிளம் கேக்குக்கு யாரிடம் விலை கேட்பது என்று பின்வரிசையில் பேச்சு தொடங்கிவிட்டது.

லினெட் எவர்சில்வர் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். இவ்வளவு மோசமாக எப்படிப் போனது என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் வீட்டுக்குப் போக முடியாது. மென்றாள். நெறுநெறு என்றுதான் இருந்தது. இன்னொரு கடி கடித்தாள். பல்லில் கசப்பும் இனிப்புமாக ஏதோ இழுபட்டது. ஆரஞ்சுத் தோல். சர்க்கரைப் பாகில் போட்ட ஆரஞ்சுத் தோல்.

அவள் ஆரஞ்சுத் தோல் வாங்கவே இல்லை.

வெட்டுவதற்கு முன் மேசையில் இருந்த இரண்டு சிலுவைகளையும் நினைத்துப் பார்த்தாள். டோனி தனக்கு முன்னால் பேக்கரியிலிருந்து வெளியே போனது நினைவுக்கு வந்தது. பிறகு பீங்கான் தட்டில் ஒரு துண்டின் ஓரத்தில் பழுப்பாக மின்னிய பழத்தைப் பார்த்தாள். எல்லாம் எப்படி நடந்திருக்கும் என்று அவள் மனதில் ஓடி முடிந்தது. உடனே சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் யார் நம்புவார்கள்? தோற்றுப்போனவள் தட்டு மாறிவிட்டது என்று சொன்னால் எல்லோரும் பரிதாபமாகத்தான் பார்ப்பார்கள். இதை அவள் சொல்லக் கூடாது, ரோசா சொல்ல வேண்டும்.

“தாந்த், ஒண்ணு கேக்கட்டா? உங்க வீட்டு விவிக்கத்துல பேரீச்சம்பழம் போடுவீங்களா?”

ரோசாவுக்கு அந்தக் கேள்வியே அவமானமாக இருந்தது. “பேரீச்சம்பழமா? மே நோன், கெடையவே கெடையாது. திராட்ச, முந்திரி, ஆரஞ்சுத் தோல். என் மாமியார் காலத்துலருந்து அவ்ளோதான். கண்டதயும் போட்டா அது விவிக்கமா?”

“நிச்சயமா?”

“இந்தக் கோயில்ல நின்னுக்கினு பொய் சொல்லுவனா?”

“அப்ப உங்க துண்ட ஒரு வாய் சாப்டுங்க.”

ரோசா அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, பீங்கான் தட்டுத் துண்டை வாயில் வைத்தார். மென்றார். முகம் மலர்ந்தது. பிறகு மெல்லுவது மெதுவானது. நாக்கு எதையோ தேடிப் பிடித்தது. ரோசா மெல்லுவதை நிறுத்தினார்.

“ஆமா, நானும் கேக்கணும்னு இருந்தேன்” என்றார் ஆயம்மா, மூன்றாவது துண்டோடு. “பேரீச்சம்பழம் புதுசா போட்டிருக்கியே ரோசா. அமோகமா இருக்கு.”

கூடத்தில் ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. லினெட் எவர்சில்வர் தட்டிலிருந்து ஒரு துண்டை உடைத்து, உள்ளே இருந்த ஆரஞ்சுத் தோலை எடுத்து ரோசா முன்னால் வைத்தாள். ரூபிதான் கைப்பேசியை எடுத்து ராமலிங்கத்தைக் கூப்பிட்டாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள். நேற்று ரெண்டு சிலுவை வந்ததுங்க, எனக்கே கொழப்பமாத்தான் இருந்தது என்றார் அவர். முன்னால் வந்ததை டோனித் தம்பிக்குக் கொடுத்தேன், உள்ளே இருந்தது அந்தப் பொண்ணுக்குப் போச்சு. யாருது முதல்ல உள்ள போச்சு என்று ரூபி கேட்டாள். ரோசாம்மாவுதுதான், அது உள்ளத்தான் இருந்திருக்கணும் என்று சொன்னவர், தான் சொன்னது தனக்கே புரிந்து, ஐயையோ என்று நிறுத்தினார்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையில் பிளம் கேக் விலையைப் பேசியவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். போன வருஷத்தைவிட ரோசா கை மென்மை என்று சொன்னவள், நான் லினெட் கையைத்தான் சொன்னேன் என்றாள்.

லினெட் சிரிக்கவில்லை. அவள் ரோசாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரோசா எவர்சில்வர் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சாப்பிட்டார், தன் சொந்தக் கேக்கை. கண்ணை மூடிக்கொண்டு மென்றார். ரவையைத் தீபாவளிக்கு முன்பே பலராமன் அனுப்பிவைத்ததாகவும், டப்பாவில் நன்றாகத்தான் இருந்ததாகவும் தனக்குள் பேசுவது போலச் சொன்னார். அதற்கு முன் அவர் கடையில் எத்தனை நாள் இருந்ததோ என்று ஆயம்மா கேட்டார். ரோசா பீங்கான் தட்டைத் தன் பக்கம் இழுத்து இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

“சமமா இருந்தா வேல அவளுக்குன்னுதான பேச்சு?” என்றார் ரூபியிடம்.

“ஆமா தாந்த்.”

“இது சமமில்ல.” ரோசா வாயில் இருந்ததை விழுங்கினார். “இது மேல. எழுதிக்கோ, லினெட் செய்யறா. ஆனா சாமான் வாங்கறப்ப நானும் வருவேன். இவ அந்தக் கடையில எப்படிப் பாத்து எடுக்கறான்னு நான் பாக்கணும்.”

சரக்கு லாரி செவ்வாய்க்கிழமை காலை வரும் என்று வெற்றிச்செல்வன் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை கடை திறக்கும்போது மாதா சபையே வாசலில் நின்றது. ரோசா கஞ்சி போட்ட கதர்ச் சேலையில், கைக்குட்டையோடு வந்திருந்தார். உள்ளே நுழைந்ததும் உட்கார இடம் தேடுவது போல ஒரு முறை சுற்றிப் பார்த்தார், பிறகு சமாளித்துக்கொண்டார்.

ரவை அலமாரியில் முன்னால் இருந்த பாக்கெட்டை அவர் எடுக்கப் போனார். லினெட் கையை நீட்டி, பின்னால் இருந்த பெட்டியிலிருந்து ஒன்றை உருவினாள். கடைக்காரர்கள் பழையதை முன்னாலும் புதியதைப் பின்னாலும் வைப்பார்கள், முதலில் வந்தது முதலில் விற்க வேண்டும் என்பதற்காக. இரண்டு பாக்கெட்டின் தேதியையும் லினெட் காட்டினாள். ரோசா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் படித்தார். அதன் பிறகு அவர் முன்வரிசையைத் தொடவே இல்லை. முழங்கை வரை அலமாரிக்குள் விட்டார்.

வெண்ணெயிலும் பேரீச்சம்பழத்திலும்தான் தடங்கல் வந்தது. சலுகை விலைக்கு ஒரு பில்லுக்கு இவ்வளவுதான் என்று அட்டையில் எழுதி ஒட்டியிருந்தது. வெற்றிச்செல்வன் வருத்தத்தோடு விளக்கினார். இந்த வரம்பு இல்லாவிட்டால் சின்னக் கடைக்காரர்கள் வந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போய் அங்கே விலையேற்றி விற்பார்கள், வீட்டுக்காரர்களுக்குக் கிடைக்காது. அதனால் ஒன்று கூடுதலாக வைத்தாலும் பில் மிஷினே ஏற்காது. தன் கையில் எதுவும் இல்லை என்றார்.

“மிஷின் ஆளப் பாக்குமா, பில்லப் பாக்குமா?” என்று கேட்டாள் லினெட்.

“பில்லத்தாங்க பாக்கும்.”

லினெட் திரும்பி சபையைப் பார்த்தாள். ரோசாவுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ராணுவக்காரர் மனைவி அல்லவா. கவுன்டருக்குக் கவுன்டர் பெண்களைப் பிரித்து நிறுத்தினார். ஒவ்வொருவர் கையிலும் அளவான வெண்ணெய், அளவான பேரீச்சம்பழம். பில் போட்டவர் வெளியே போய்ச் சாமானை வைத்துவிட்டு மறுபடி வரிசையின் கடைசிக்கு வர வேண்டும். ஆயம்மா இரண்டு முறை வரிசை மாறி நின்று திட்டு வாங்கினார். பில் போடும் பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினார்கள். விதி எதுவும் மீறப்படவில்லை என்பதால் வெற்றிச்செல்வன் கையைக் கட்டிக்கொண்டு ரசித்துக்கொண்டிருந்தார்.

வரிசையில் நின்ற ஒருவர் பொறுமை இழந்து, எல்லாம் ஒரே குடும்பம்தானே, இப்படி அள்ளினால் எப்படி என்றார்.

“மாதா ஒண்ணு, மிசியே” என்றார் ரோசா. “வீடு வேற வேற.”

அந்த மனிதரும் சிரித்துவிட்டார். இவ்வளவு பேர் வந்து அள்ளுகிற அளவுக்கு அந்த வெண்ணெயில் என்ன இருக்கிறது என்று கேட்டார். கம்பெனிக்காரன் இந்தக் கடைக்கென்று தனியாகப் போடுகிறான் என்று கேள்விப்பட்டதாகவும் சொன்னார். ரோசா அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு பாக்கெட்டுக்காக எவனாவது மிஷினை நிறுத்திக் கழுவுவானா, கொஞ்சம் யோசிக்க வேண்டாமா என்று கேட்டார். ஏதோ அவரே அந்த மிஷினை ஓட்டுகிறவர் மாதிரி.

வெளியே ஒரு லோடு ஆட்டோ நின்றது. லினெட் அன்று காலை மேட்டுப்பாளையத்துக்குப் போய், இந்த வாரத்தோடு வேலையை விடுவதாகச் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. கடைசி பில்லை அவளே போட்டுவிட்டு, தள்ளுவண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள். வெயில் ஏறியிருந்தது. பெண்கள் சாமானைச் சுற்றி நின்று, எதை எங்கே வைப்பது என்று ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ரோசா கையை உயர்த்தினார். பேச்சு நின்றது.

“அவ சொல்லட்டும்” என்றார். பிறகு லினெட்டைப் பார்த்து, “என்னா பண்ணணும், சொல்லு. நாங்க செய்யறோம்” என்றார்.

லினெட் ஆட்டோவின் பின்கதவைத் திறந்தாள்.

“ரவையும் சக்கரையும் அடியில போவட்டும். முந்திரி ஓரமா. வெண்ணெய மடியில வச்சிக்கினு யாராவது முன்னால உக்காருங்க, வெயில்ல உருகிடக் கூடாது.”

ரோசா வெண்ணெய்ப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, டிரைவர் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.